நூலகத்தில் தங்கியிருந்த ஆறு

மூலியாறு கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட அன்று காலையில், ஆறு ஆற்றில் இல்லை என்பதை நாணல்துறையில் முதலில் தெரிந்துகொண்டவை எருமைகள். கழுத்தளவு தண்ணீரில் நின்றே பழகிய அவை, படித்துறை தாண்டி மணலில் இறங்கி, அக்கரை வரை நடந்து, திரும்பி இக்கரைக்கு நடந்து, கடைசியில் நடு ஆற்றில் வந்து, எதையோ தொலைத்துவிட்ட பெரிய மனிதர்களைப் போல நின்றுவிட்டன. பின்னாலேயே குடத்தோடு வந்த பெண்களும், அழுக்கு மூட்டையோடு வந்தவர்களும், வாயில் வேப்பங்குச்சியோடு வந்த ஆண்களும் அவற்றின் பக்கத்தில் போய் நின்றார்கள். மணலில் ஈரம் இல்லை. செத்த மீன் ஒன்றுகூட இல்லை. பாறைகளில் பாசி இல்லை. வற்றிப்போகிற ஆறு என்றால் அங்கங்கே குட்டையாவது மிச்சம் வைத்துவிட்டுப் போகும். இதுவோ தனக்குச் சொந்தமானதை எல்லாம் வாரிக் கட்டிக்கொண்டு, பிறத்தியாருடையதை மட்டும் அங்கேயே போட்டுவிட்டுக் குடிபோனவர்களின் வீடு போலக் கிடந்தது.

அணையை மூடிவிட்டார்களோ என்று போன் போட்டுக் கேட்டார்கள், யாரும் எதையும் மூடவில்லை. மணல் அள்ளுகிறவர்களைத் திட்டினார்கள், அவர்களும் லாரியோடு வந்து வாயைப் பிளந்து நின்றார்கள். மலையில் ஊற்று இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, சொட்டு மட்டும் தரையைத் தொடும் முன்பே இல்லாமல் போகிறது என்று மலையடிவாரத்திலிருந்து செய்தி வந்தது. கடல் சேருகிற இடம் வரைக்கும் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஆவுடையம்மாள் ஆற்றுப்பக்கம் போகிறவள் இல்லை. அவள் கிளை நூலகத்தில் உதவியாளர். கதவைத் திறந்து, பெருக்கி, பேப்பர்களைக் கம்பியில் கோத்துவிட்டு மூலையிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரைப் போடுவது அவள் வேலை. கம்ப்யூட்டர் படித்த மதுரைப் பெண்ணான சஜிதா, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்து மாற்றியும் கொள்ளலாம் என்கிற லினக்ஸ் மென்பொருளை அதில் ஏற்றிக் கொடுத்து, "அக்கா, இதுக்குப் படம் காட்டுற தெம்பு இல்ல. ஆனா அடிச்சுச் சொன்னாக் கேட்டுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கறுப்புத் திரையில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருக்கும். எல்.எஸ். என்று அடித்தால் உள்ளே இருப்பவற்றைப் பேர் சொல்லும். கேட் என்று அடித்துப் பேரையும் சொன்னால் அதைத் திறந்து கொட்டும். சி.பி. என்றால் இன்னொரு படி எடுக்கும், எம்.வி. என்றால் இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கும். கிரெப் என்றால், எவ்வளவு பெரிய குவியலானாலும், கேட்ட சொல் வருகிற வரிகளை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். புத்தகம் தேடி வருகிறவர்களுக்காக ஆவுடை இவற்றைத் தெரிந்துவைத்திருந்தாள். அதற்குமேல் தெரியாது, தெரிந்ததிலும் பாதி நேரம் தப்பாக அடித்துத் திரும்ப அடிப்பாள்.

அன்றைக்கு எல்.எஸ். அடித்தபோது, புத்தகப் பட்டியலுக்கும் சந்தாதாரர் கணக்குக்கும் நடுவில் 'மூலியாறு' என்றொரு பேர் இருந்தது. பக்கத்திலேயே 'படுகை' என்று ஒரு காலி ஃபோல்டர். அவள் யோசிக்காமல் கேட் அடித்தாள். திரையில் ஆறு வந்தது. எழுத்தாகத்தான் வந்தது, ஆனால் அது ஆறு என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீர், தண்ணீர், கூழாங்கல், தண்ணீர், அயிரை மூன்று, சோப்பு நுரை, யாரோ நேர்ந்துகொண்டு போட்ட காசு, தண்ணீர், எருமைச் சாணி, முதுகு தேய்க்கச் சொல்லும் ஒரு கிழவன், தண்ணீர் என்று வரி மேல் வரியாகக் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் மேலேறிப் போய்க்கொண்டே இருந்தது. அறையில் பாசி வாடை அடித்தது. மேசைக்கடியில் தரை பிசுபிசுத்தது. அவள் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்த, ஆறு சட்டென்று நின்றது.

நூலகர் வன்னியப்பெருமாள் சார் ஓய்வுக்கு நெருங்கியவர், எதற்கும் பதறாதவர். அவர் வந்து கண்ணாடியைப் போட்டு நின்றிருந்த வரிகளை மேலிருந்து கீழே வாசித்தார்.

"நம்ம ஆறுதான்" என்றார். "அந்த மெஷின மட்டும் ஆஃப் பண்ணிராத தாயி."

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துபோனது. ஆறு எப்படி உள்ளே போனது என்று கேட்டவர்கள் சிலர்தான். களவு போகவில்லை, செத்துப்போகவில்லை, நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. அரிசி ஆலைக்காரர் தன் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பெண்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து மானிட்டருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள்; சூடம் மட்டும் வேண்டாம், புகை ஆகாது என்று வன்னியப்பெருமாள் தடுத்துவிட்டார். துணி வெளுப்பவர்கள் மூட்டையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அதே மூட்டையோடு போனார்கள். மேலூர்களிலிருந்தும் கீழூர்களிலிருந்தும் வேன் பிடித்து வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். மலைக்காரர்கள் வந்தால் ஆவுடை ஹெட் அடித்துக் காட்டினாள், ஆற்றின் முதல் வரிகள் வந்தன, குளிரும் சருகும் மிளா மான் குடித்துப்போன தடமும். கடலோரத்து ஆட்கள் வந்தால் டெய்ல் அடித்தாள், உப்பும் நண்டுவளையும் கட்டுமரத்து நிழலும் வந்தன. நிதானமாகப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு லெஸ் அடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கு, அப்படியே இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் பார்த்த ஆற்றைக் குடிக்க முடியவில்லை. ஆவுடை எம்.வி. அடித்து மூலியாற்றைப் படுகைக்குள் வைக்கப் பார்த்தாள், உனக்கு அனுமதி இல்லை என்றது கறுப்புத் திரை. யாருடையது என்று கேட்டதற்கு, ரூட்டுக்குச் சொந்தம் என்று காட்டியது.

"ரூட்டுன்னா யாரு? தாசில்தாரா?" என்று கேட்டார் நல்லசிவம். அவருக்கு ஆற்றோரத்தில் வயல், நெல் பால் பிடிக்கிற பருவம்.

"ஆளு இல்ல அண்ணாச்சி. இந்த மெஷினுக்குள்ள எல்லாத்துக்கும் உரிமை உள்ள ஒரு பேரு. அதுக்குச் சாவி சஜிதாட்டதான் இருக்கு."

சஜிதா வெளிநாட்டில் எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். கிடைத்த விமானத்தில் ஏறி வருகிறேன் என்றாள், அதுவரை மெஷினைத் தொட்டுத் தொந்தரவு பண்ணாதீர்கள் என்றாள். தொடாமல் இருக்க ஊரால் முடியவில்லை. ஆற்றுக்கு ஏதாவது கையேடு இருக்குமா என்று மேன் அடித்துக் கேட்டுப் பார்த்தார்கள். மூலியாற்றுக்குக் கையேடு எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

நல்லசிவத்தின் மனைவி பிச்சம்மாள்தான் கிரெப்பை ஆரம்பித்து வைத்தாள். அவளுடைய தாலி கல்யாணமான புதிதில் ஆற்றோடு போய், மஞ்சள் கயிற்றோடேயே இத்தனை காலமும் ஓட்டிவிட்டாள்.

"ஏட்டி ஆவுடை, ஆத்துக்குள்ள பேரு சொல்லித் தேடலாமாமே. என் தாலியத் தேடிப் பாரேன்."

ஆவுடை கிரெப் அடித்தாள். மெஷின் உறுமிக்கொண்டு மலையிலிருந்து கடல்வரை ஒரு முறை போய் வந்தது. பிச்சம்மாள் தாலி, அம்மன் பாறைக்குக் கீழே, வடபக்கத்து இடுக்கு என்று ஒரே ஒரு வரி வந்தது. வறண்டு கிடந்த ஆற்றில் இறங்கிப் பாறை இடுக்கில் கையை விட்டால், தாலி இருந்தது. ஆறு போகும்போது பிறத்தியார் பொருளை எடுத்துப்போகவில்லை என்பதும், எது எங்கே கிடக்கிறது என்று அதற்கு நினைவிருக்கிறது என்பதும் அன்றைக்கு ஊருக்கு விளங்கியது.

பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. மூக்குத்தி, பித்தளைச் செம்பு, தீர்த்தவாரியில் நழுவிய அம்மன் வெள்ளிக்கவசம், கிரிக்கெட் பந்து, தன் பல்செட் என்று விளையாட்டுக்கு ஒருவர் சொன்னதுகூட, எல்லாவற்றையும் தேடச் சொன்னார்கள். ஆவுடை அடித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் மெஷின் மலையிலிருந்து கடலுக்குப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக முனகியது.

அவள் மட்டும் தனக்கென்று எதையும் தேடவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய மகள் பூரணி முந்தின வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில், பள்ளிக்கூடம் விட்டுத் தரைப்பாலத்தில் வரும்போது, திடீரென்று இறங்கிய வெள்ளத்தில் போனாள். கூட வந்தவள் நல்லசிவத்தின் மகள். அவள் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், பூரணியின் கை அவள் கையிலிருந்து நழுவியது. தீயணைப்புக்காரர்கள் கடல்வரை தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கடலோரத்துச் சந்தை ஒன்றில், பேச்சில்லாமல் சுற்றுகிற ஒரு சின்னப்பிள்ளையைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தாள், இல்லை. இன்னொருவர் இன்னொரு ஊரைச் சொன்னார். அங்கும் போனாள். உடல் கிடைக்காத பிள்ளை எங்கேயோ வளர்ந்துகொண்டிருக்கும் என்ற ஒரு நினைப்பில்தான் அவள் காலையில் எழுந்தாள், பெருக்கினாள், பேப்பரைக் கம்பியில் கோத்தாள்.

ஆற்றுக்குள் பேர் இல்லையென்றால் அந்தக் கோடு சும்மா துடித்துக்கொண்டு நிற்கும், பிள்ளை எங்கேயோ இருக்கிறாள். பேர் இருந்தால் பிள்ளை இல்லை. இந்த இரண்டில் ஒன்றை ஒரே நொடியில் சொல்லிவிடக்கூடிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் பல்செட்டையும் பித்தளைச் செம்பையும் தேடிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கிரெப் என்று அடித்து, 'பூ' வரை அடித்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

சஜிதா வந்து சேர்ந்தபோது வயல் வெடித்திருந்தது. ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர், அதுவும் அடியில். பிள்ளைகளுக்கு உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. எருமைகளில் இரண்டு நடு ஆற்றிலேயே படுத்து எழுந்திருக்கவில்லை. சஜிதா பையைக்கூட இறக்காமல் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே டக், டக் என்று ஏதோ தட்டியது. இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க டி.எஃப். அடித்தாள், மலையில் ஊறுகிற தண்ணீர் எல்லாம் இங்கேயே வந்து சேர்ந்ததில் டிஸ்க்கில் விரல் நுழைய இடமில்லை.

"எத்தனை தடவை இத முழுசாப் படிக்க விட்டீங்க?" என்று கேட்டாள்.

பல்செட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் சஜிதா. "படுகைன்னு காட்டுதே, அது இந்த டிஸ்க்குல இல்ல, வெளிய இருக்கு. அதனால எம்.வி. போட்டா, மெஷின் ஆத்த முதல்ல இருந்து கடைசி வரை ஒரு தடவை படிச்சுப் படிச்சுத்தான் அங்க கொண்டுபோய் வைக்கும். இந்த டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கு. இன்னும் ஒரு தடவை தாங்கும்னு நம்புறேன். ரெண்டு தடவை தாங்காது."

"அப்ப இப்பமே போடும்மா" என்றார் நல்லசிவம். "என்னத்த யோசிக்க?"

ஆவுடை சுவரோரமாக நின்றிருந்தாள். "இன்னொரு படி எடுத்து வச்சுக்கிட முடியாதா சஜிதா?" என்று கேட்டாள். "சி.பி. இருக்குல்லா?"

"எங்க வைக்கக்கா? உலகத்துல எந்த டிஸ்க்குலயும் இந்த ஆறு அடங்காது. இதுல எப்படி அடங்குச்சுன்னே எனக்குத் தெரியல."

அவள் என்ன கேட்கிறாள் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆறு படுகைக்குப் போய்விட்டால் அதனிடம் இனி எதையும் கேட்க முடியாது.

"மதினி" என்றார் நல்லசிவம், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் சொல்லுததத் தப்பா எடுத்துக்கிடக் கூடாது. போனது போயிட்டு. இருக்கித பிள்ளைகளுக்குத் தண்ணி வேணும்லா."

"வேணும் அண்ணாச்சி" என்றாள் ஆவுடை. "போடச் சொல்லுங்க."

அப்போதுதான் பிச்சம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். கழுத்திலிருந்த தாலியைக் கையால் பிடித்திருந்தாள். "எனக்குத் தேடுனா. உமக்கு மண்வெட்டி தேடுனா. இந்தா நிக்காரே, இவரு பல்லத் தேடுனா. எல்லாரும் சேந்து அந்த மெஷினத் தின்னு தீத்துட்டு, பெத்தவ தன் பிள்ளையத் தேடணும்னு நிக்கும்போது தண்ணி வேணும்னு சொல்லுதீரு. நம்ம பிள்ள வீட்ல இருக்கு. அவ பிள்ள கை அது கையிலருந்துதான் நழுவுச்சு." அவள் திரும்பி ஆவுடையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "ஆறு போனாப் போட்டும். நீ தேடு."

நல்லசிவம் வெளியே போய் வராந்தாவில் நின்றார். வெடித்த வயல் அங்கிருந்தே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, சுவரோடு இருந்த மேசை விசிறியை எடுத்து, பெட்டிக்குக் காற்று படும்படி கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவுடை திருப்பூருக்குப் போன் போட்டாள். அவள் புருஷன் வேலாயுதம் அந்தக் கார்த்திகைக்குப் பிறகு பனியன் கம்பெனிக்குப் போனவன், ஊருக்குத் திரும்பவில்லை. தரைப்பாலத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வரவேண்டும்.

"ஏங்க, ஆத்துக்குள்ள பேரு இருக்கான்னு பாக்கச் சொல்லுதாவ. பாத்துட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல. பாக்கவா?"

தையல் மெஷின்களின் இரைச்சல் மட்டும் வெகுநேரம் கேட்டது.

"பாத்துரு ஆவுடை" என்றான். "என்னால இனும முடியல."

அவள் அடித்தாள். கிரெப். பூரணி. மூலியாறு. ஒருமுறை தப்பாக விழுந்து, அழித்துத் திரும்ப அடித்தாள். என்டரைத் தட்டினாள்.

மெஷின் மலையில் தொடங்கியது. டக், டக் என்றது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை, பூரணி மலைக்குப் போனதே இல்லை. பிறகு வந்தது.

படித்துறை, பூரணிக்குத் தலை தேய்க்கிறார்கள், கண் எரிகிறது என்கிறாள்.

படித்துறை, பூரணி தண்ணீரை வாயில் வைத்துத் துப்புகிறாள், அடி வாங்குகிறாள்.

படித்துறை, பூரணியின் பென்சில் டப்பா மிதக்கிறது.

படித்துறை, பூரணி, பூரணி என்று கூப்பிடுகிறார்கள், இவள் முங்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

அப்படி வந்துகொண்டே இருந்தது. ஆறு அந்தப் பிள்ளையின் ஒரு குளியலையும் விடாமல் வைத்திருந்தது. ஆவுடை வாய்விட்டு வாசித்தாள், வாசித்து ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தாள், அவள் சிரித்ததைப் பார்த்துத்தான் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். பெட்டிக்குள் சத்தம் மாறி, உலோகம் உரசுகிற கீச்சொலி வந்தது. சஜிதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை.

தரைப்பாலம், பூரணி.

பிறகு வந்த வரிகளில் வேறு சொல் இல்லை.

பூரணி.

பூரணி.

பூரணி.

அந்த வரிகள் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன, தண்ணீர் போகிற வேகத்தில். ஆவுடை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். கடைசியாக ஒன்று வந்து நின்றது.

ஆனைக்குழி, தென்கரை மருதமரத்து வேர், பூரணி.

கோடு துடித்தது. மெஷின் இன்னும் தேடிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே கடல் வரை பாதி ஆறு மிச்சம் இருந்தது. இதற்குப் பிறகும் ஒரு வரி வரலாம், வராமலும் போகலாம். ஆவுடை கண்ட்ரோலையும் சி-யையும் அழுத்தினாள். கீச்சொலி அடங்கி, மறுபடி டக், டக் என்றது.

"போதும்" என்றாள். "இப்ப போட்டுராத சஜிதா. தண்ணி வந்துட்டா ஆனைக்குழி மூடிரும். நான் போயி எடுத்துட்டு வந்துருதேன்."

"இது எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாதுக்கா."

"ஓடிப் போயிட்டு வந்துருவோம்" என்றார் நல்லசிவம். விசிறியை வன்னியப்பெருமாளின் கையில் கொடுத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

வெயில் உச்சியில் நிற்க, ஆறு போகிற வழியில் மனிதர்கள் போனார்கள். தரைப்பாலத்துக்கு அடியில் குனிந்து, முழங்கால்வரை மணல் வாங்க, வழவழத்த பாறைகளில் கைகொடுத்து இறங்கி, ஆவுடை முன்னால் போக மற்றவர்கள் பின்னால் போனார்கள். ஆனைக்குழி என்பது நீச்சல் தெரிந்தவர்களும் இறங்காத மடு. அதன் அடியை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. தென்கரையில் மருதமரத்தின் வேர்கள், ஏந்தியிருக்கிற கைகள் மாதிரிப் பின்னிக் கிடந்தன. அதற்குள் அடைந்திருந்த மணலை நல்லசிவம் கடப்பாரையால் தொடவில்லை, கையால் அள்ளினார். ஒரு பள்ளிக்கூடப் பையின் வார் வந்தது. பிறகு மெல்லிய எலும்புகள். முன்கை எலும்பு ஒன்றில் ஒரு எஃகுத் தகடு, திருகாணிகளோடு அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது ஆஸ்பத்திரியில் வைத்தது.

ஆவுடை அதை வாங்கி மடியில் வைத்து, மணலைத் தட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலும்பு தகட்டைச் சுற்றி நன்றாகக் கூடியிருந்தது.

"கை ஆறிட்டு" என்றாள் பிச்சம்மாளிடம். "ஒரு வருசத்துல தகட்ட எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் பரீட்ச முடியட்டும்னு சொல்லிட்டேன்."

முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். யாரிடமும் கொடுக்கவில்லை. ஊருக்குள் வந்ததும், குளிப்பாட்டாமல் மண்ணுக்குள் வைக்கக்கூடாது என்றார்கள், குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாயங்காலத்துக்கென்று மூடிவைத்திருந்த தண்ணீரில் ஒரு டம்ளர், அரை டம்ளர் என்று கொண்டுவந்து ஒரு அண்டாவில் ஊற்றினார்கள். உதடு வெடித்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றன, ஒன்றுகூடக் கேட்கவில்லை. நூலகத்திலிருந்து சத்தம் கேட்டது, சீக்கிரம் வரச் சொல்லு, சீக்கிரம் என்று. ஆவுடை அவசரப்படவில்லை. ஒவ்வொரு எலும்பாகக் கழுவி, துடைத்து, புதுத்துணியில் அடுக்கினாள். எந்த வெள்ளமும் ஏறாத மேட்டில் குழி வெட்டியிருந்தார்கள். போனில் வேலாயுதம் இருந்தான். முதல் பிடி மண் விழுகிற சத்தம் அவனுக்குக் கேட்கட்டும் என்று போனைக் குழிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மண் படிந்த கையோடு நூலகத்துக்கு வந்தாள். பெட்டியிலிருந்து சூடு வீசியது. சஜிதா சூடோ என்று அடித்து, ரூட்டுக்கான சாவியைப் போட்டு, மிச்சத்தை அவளுக்கு விட்டாள். எம்.வி. மூலியாறு. படுகை.

வேலை ஒழுங்காக நடக்கும்போது அந்தக் கறுப்புத் திரை ஒன்றும் சொல்லாது. அது ஒன்றும் சொல்லாமல் இருந்தது. பிறகு மேற்கே, தொலைவில், எருமை ஒன்று கத்தியது. அதைத் தொடர்ந்து பெண்கள் குலவையிடும் சத்தம் ஊர் ஊராக நெருங்கி வந்தது. படித்துறையில் தண்ணீர் ஏறிவிட்டது, தரைப்பாலத்தைத் தொட்டுவிட்டது, வயல் மடையில் பாய்கிறது என்று ஒவ்வொருவராக ஓடிவந்து சொன்னார்கள். நூலகம் காலியானது. ஆவுடையும் சஜிதாவும் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனைக்குழி நிறைந்திருக்கும், அதைத் தாண்டியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் ஏதோ ஒடிந்தது. படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அதோடு திரை அணைந்தது.

ஆற்றின் வால் வரவில்லை. மூலியாறு அதற்குப் பிறகு மலையிலிருந்து இறங்கி, நாணல்துறையைத் தாண்டி, கீழூர்களின் வயல்களைத் தாண்டி, பனங்காட்டு ஓரத்தில் ஓரிடத்தில் மணலுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். கடல்வரைக்கும் போகாது. கழிமுகத்து ஊர்களில் நன்னீர்க் கிணறுகள் உப்பாயின, இறால் குஞ்சு பொரிக்கிற இடம் வெயிலில் வெந்தது, ஆட்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போனார்கள். நாணல்துறையில் யாரும் ஆவுடையைக் குறை சொல்லவில்லை. சொல்ல எவருக்கும் வாய் இல்லை. ஆனால் அவளுக்குக் கணக்குத் தெரியும். பல்செட்டும் செம்பும் தின்றது போக மிச்சமிருந்த உயிரில், அந்த வால் கரை சேரத் தேவையாக இருந்த அளவைத் தின்றது பூரணியின் பேர்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில், கழிமுகத்து ஊரிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து நூலகத்துக்கு வந்தாள். அந்தோணியம்மாள் என்று பேர் சொன்னாள். மண் ஏறிய கால்கள். ஈரக்குடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

"ஆத்துல போனவுகளப் பேரு சொல்லித் தேடித் தாரிகளாமே" என்றாள். "எம் மவன் பனிமயராஜ். ஆத்துல தண்ணி ஓடிக்கிட்டு இருந்தப்பவே, கடல்ல சேருத வாய்ல தோணி கவுந்துட்டு. கூடப் போனவுக வந்துட்டாவ. இவன் வரல. நாலு கரையும் போயிப் பாத்துட்டேன். எங்கயாச்சும் ஒதுங்கிக் கெடப்பான்னு சொல்லுதாவ."

வன்னியப்பெருமாள் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஆவுடை அவளுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தோணியம்மாள் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நல்ல தண்ணீர் குடித்து எத்தனையோ நாளானவள் குடிக்கிற மாதிரி குடித்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சுக்கா" என்றாள் ஆவுடை. "அந்த இடம் அதுலருந்து வரவே இல்ல."

"கெட்டுப்போனாலும் ஒருக்கா அடிச்சுப் பாருங்களேன். தூரத்துலருந்து வாரேன் தாயி. ஒரு தடவை."

என் பிள்ளையைத் தேடித்தான் உன் பிள்ளை கிடக்கிற இடம் போயிற்று என்று சொல்ல ஆவுடைக்கு வாய் வந்து, அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அவள் மூலைக்குப் போய், கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். அந்தோணியம்மாள் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, இருண்ட திரையைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"பேரச் சொல்லுங்கக்கா."

"பனிமயராஜ்."

ஆவுடை ஒவ்வொரு எழுத்தாக, தப்பில்லாமல் அடித்தாள். என்டரைத் தட்டினாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.